பலாச்சுளையை விடுதலை செய்தவர்

டாக்டர் மங்கையர்க்கரசி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தா.பழூரில், நான் வேலை பார்க்கும் நூலகத்தில், புதிதாக வந்திருந்த புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஸ்டெல்லா போனில் அழைத்தார். "டாக்டரம்மா தவறிட்டாங்க அக்கா. காலையில வூட்டுலயே மயங்கி விழுந்திருக்காங்க. திருச்சிக்குக் கொண்டு போனோம். மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிடுச்சாம்" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் குழாய்?" என்பது. கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு மரணச் செய்திக்கு யாராவது இப்படிப் பதில் சொல்வார்களா? மறுமுனையில் ஸ்டெல்லா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். "அவங்க இருந்திருந்தா இதத்தான் கேட்டிருப்பாங்க அக்கா" என்றார்.

பெரம்பலூரில் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். மங்கை டாக்டரின் அவசரம் உங்களுக்குத் தெரியும். நாம் பாதி சொல்வதற்குள் மீதியை அவரே சொல்வார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அதைத் தேடுவார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் மிகக் குறைவு. எனக்கு அவரைத் தெரிந்த விதம் மட்டும் சற்று வேறு. என்னுடைய நோயைப் பற்றி நான் வெளியே பேசுவதில்லை. நூலகத்தில் உடன் வேலை செய்பவர்களுக்குக்கூட, நான் மாதத்தில் இருமுறை பெரம்பலூருக்குப் போவது எதற்காக என்று தெரியாது. இன்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மழை ஓய்ந்திருந்த ஒரு மார்கழியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் ஊர் விக்கிரமங்கலம். தெருவில் ஏற்கெனவே சிலருக்கு டெங்கு. என் ரத்தத்தைப் பரிசோதித்ததில் பிளேட்லெட் அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிலவேம்புக் கஷாயம் வந்தது. பப்பாளி இலையை அரைத்துச் சாறு வந்தது. இரண்டையும் குடித்துவிட்டு நான் மஞ்சளாகிக்கொண்டே போனேன். சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. ஒருநாள் மாலை அம்மாவைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டேனாம். அன்று என்னைப் பெரம்பலூருக்குத் தூக்கிப்போனார்கள்.

மங்கை டாக்டர் என்னைப் பரிசோதித்ததைவிட என் அம்மாவை விசாரித்ததுதான் அதிகம். பாம்பு கடித்ததா? பூச்சி ஏதாவது கடித்ததா? ரத்தமாக வயிற்றுப்போக்கு போனதா? நாட்டு மருந்து கொடுத்தீர்களா, மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கினீர்களா, கர்ப்பமா, மூட்டு வலி உண்டா? அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "டெங்குக்கு எதுக்கு டாக்டரம்மா பாம்பு?" என்று கேட்டாராம்.

"டெங்குன்னு யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்லட்டும், நான் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றவர் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனார். இது அவருடைய வழக்கம். இயந்திரம் அச்சடித்துக் கொடுக்கும் எண்களை அவர் நம்பமாட்டார் என்றில்லை. ஆனால் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதபோது, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றி, நுண்நோக்கியில் தானே பார்த்தாக வேண்டும். பரிசோதனையில் எனக்கு டெங்கு இல்லை என்று வந்திருந்தது. ரத்தம் உறையும் நேரமும் சரியாகவே இருந்தது. ஆனால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருந்தன. சற்று நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்குள்ளிருந்து ஒரு கூச்சல். திருவிழாவில் பலூனைச் சுட்டவர் போடுவாரே, அதுபோல. கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்த டாக்டரின் முகமெல்லாம் சிரிப்பு. "ஒடஞ்சிருக்கு! ஒவ்வொரு செல்லும் ஹெல்மெட் மாதிரி, முக்கோணம் மாதிரி ஒடஞ்சு கெடக்கு! ஸ்டெல்லா, வெளியூர்ச் சோதனைக்கு அனுப்பணும், நீலமூடி டியூப்ல ரத்தம் எடு. வேற எதுவும் ஏத்தறதுக்கு முன்னாடி எடு!"

என் அம்மா எழுந்து நின்றார். "எம்பொண்ணு கெடக்குற கெடையில ஒங்களுக்குச் சிரிப்பா இருக்குதா?"

டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஆமாங்கம்மா, சிரிப்புதான். தெரியாத வியாதியா இருந்தா நான் ஒங்க பக்கத்துல ஒக்காந்து அழுதிருப்பேன். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சா வைத்தியம் இருக்கு" என்றார். பிறகு அவருடைய கண்கள் கலங்கியதாக அம்மா சொல்வார். டாக்டருக்குச் சந்தோஷத்துக்கும் அழுகைக்கும் நடுவில் தடுப்பு கிடையாது.

அடுத்து நடந்ததைச் சித்தப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வேனில் ஏறிய ஆட்கள் கூடிக்கொண்டே போவார்கள். பிளேட்லெட் இறங்கிவிட்டது என்றதும் சித்தப்பா ஊரில் இளைஞர்களைத் திரட்டி, வேன் பிடித்து, எல்லாருக்கும் வழியில் இட்லி வாங்கிக் கொடுத்து, பிளேட்லெட் கொடுப்பதற்காகப் பெரம்பலூருக்குக் கூட்டிவந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஒரு வீட்டில் டெங்கு என்றால் போதும், கேட்காமலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மங்கை டாக்டர் வாசலிலேயே மறித்தார்.

"ஒரு சொட்டு பிளேட்லெட் இந்தப் புள்ளைக்கு ஏறக் கூடாது."

"என்னங்க இது? கொறஞ்சா குடுக்கணும்னுதானே சொல்வாங்க? நாங்க காசு கேட்டா வந்தோம்?" சித்தப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடுவோம், ஆமா!"

"ஒங்க வயல்ல சொட்டுநீர் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன். அதுக்கென்ன இப்ப?"

"மோட்டார் ஓடுது, மெயின் பைப்புல தண்ணி வருது. ஆனா செடிக்கிட்ட இருக்கிற சின்ன ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிச்சு. என்ன பண்ணுவீங்க?"

"ஆசிட் விட்டுக் கழுவுவோம். நம்ம ஊருத் தண்ணியில சுண்ணாம்பு சாஸ்தி."

"தொட்டியில இன்னும் நாலு கூடை மண்ண அள்ளிப் போடுவீங்களா?"

"எவனாவது போடுவானா?"

"அதத்தான் செய்ய வேன் பிடிச்சு வந்திருக்கீங்க."

சித்தப்பா மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாராம். அவர் ஒருவரிடம் விட்டுக்கொடுத்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. டாக்டர் உடனே தணிந்து, "வந்தது வீணில்லைங்க. எல்லாரும் ரத்தம் குடுங்க. அதுல மேல தெளிஞ்சு நிக்குற மஞ்சத் தண்ணி இருக்குல்ல, பிளாஸ்மா, அதுதான் எனக்கு வேணும். அதுலதான் இவளுக்கு இல்லாத சாமான் இருக்கு" என்றார். வேனில் வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். முதல் பை ஏறிய மறுநாள் நான் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டேன்.

இல்லாத அந்தச் சாமான் எது என்பதை நான் கண்விழித்த பிறகு அவர் எனக்குச் சொன்ன விதத்தை மறக்க முடியாது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஸ்டெல்லாவின் பேண்டேஜ் சுருளைப் பிரித்து என் போர்வையெங்கும் விரித்தார். ரத்தத்தில் நூல் போல நீண்ட ஒரு புரதம் உண்டு. காயம் பட்டால் பிளேட்லெட் அணுக்களைப் பிடித்து அந்த இடத்தில் ஒட்டவைப்பது அதன் வேலை. அந்த நூலை அளவாக நறுக்கிவிடக் கத்தரிக்கோல் போன்ற இன்னொரு புரதம் ரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கத்தரி இல்லாவிட்டால் நூல் நீண்டுகொண்டே போகும். காயமே இல்லாத இடத்தில், தலைமுடியைவிட மெல்லிய குழாய்களுக்குள் பிளேட்லெட்டுகளைத் திரட்டி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை உரசிக்கொண்டு போகும் சிவப்பணுக்கள் கிழிந்து உடையும். உடைவதால் மஞ்சள். மூளையின் சிறு குழாய்களில் அடைப்பதால் குழப்பம். பிளேட்லெட் குறைந்தது, எங்கும் தேவையில்லாமல் செலவாகிப் போனதால். "எவ்வளவு அழகாப் பொருந்துது பாத்தியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சாகக் கிடந்தவளிடம் அழகைப் பற்றிப் பேசுகிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவர் போன பிறகு, விரிந்து கிடந்த அந்தத் துணியைச் சுருட்டிக்கொண்டே, நெடுநேரம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே பொருந்தியது.

வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிய ரத்தத்தில் கத்தரி கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று முடிவு வந்தது. எல்லாரும் அதோடு நிம்மதியானோம். அவர் ஆகவில்லை. "இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. ஏன் இல்ல? அதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஒன் ஒடம்பே அதுக்கு எதிரியை உண்டாக்கி அழிக்கணும். இல்லன்னா பொறக்கும்போதே செய்யத் தெரியாமப் பொறந்திருக்கணும். வைத்தியம் வேற வேற" என்றார். அப்பா, அம்மா, நான் மூவரும் மறுபடி ரத்தம் கொடுத்தோம்.

அந்த முடிவு வரச் சித்திரை ஆகிவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம். அவரால் பொறுக்க முடியவில்லை. தானே காரை ஓட்டிக்கொண்டு விக்கிரமங்கலத்துக்கு வந்துவிட்டார். ஊருக்குள் நுழையும் சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். மகசூலை நாசமாக்கக் கூடாதே என்று அவர் ஓரமாக ஒதுங்கி, சக்கரத்தை வாய்க்காலில் இறக்கி, பாடாய்ப்பட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் நின்றவர் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாராம். "மேல ஏத்துங்கம்மா! வண்டி ஏறி மணி உதிரட்டும்னுதானே போட்டிருக்கோம்!" எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே அவர் சிரித்துக்கொண்டு வந்தது அதற்காகவும்தான்.

"எதிரி இல்ல! பொறவியிலேயே வந்தது. அப்பாகிட்டேருந்து ஜீன்ல ஒரு பிழை, அம்மாகிட்டேருந்து அதே பிழை. ரெண்டும் சேந்ததால இவகிட்ட கத்தரியே இல்ல. ஒண்ணு மட்டும் இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஒங்க ரெண்டு பேரையும் மாதிரி கல்லாட்டம் இருப்பாங்க" என்று நின்றபடியே கொட்டித் தீர்த்தார். என் அப்பா, என் அம்மாவுக்குத் தாய்மாமன். ஒரே குடும்பத்தில் ஓடிய பிழை இரண்டு பக்கமிருந்தும் வந்து என்னிடம் சேர்ந்திருக்கிறது. அதை விளக்கிவிட்டு, மூச்சு விடாமல் அம்மாவிடம் கேட்டார்: "இவளுக்கு முன்னாடி கொழந்தை எதுவும் பொறந்துச்சா?"

எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அப்பா வெளியே பார்த்தார். அம்மாதான், "ஒரு பையன்" என்றார். "பொறந்த மறுநாளே மஞ்சளாயிட்டான். ஒடம்பெல்லாம் செவப்புப் புள்ளி. தங்கல."

"ஏன்னு சொன்னாங்க?"

"நான்தான் காரணம். பத்தியத்துல இருக்கையில ரெண்டு பலாச்சுளை தின்னுட்டேன். ஆசையா இருந்துச்சு. அந்த மஞ்சதான் பால்வழியா புள்ளைக்கு எறங்கிடுச்சுன்னாங்க."

எங்களைச் சுற்றி முந்திரியும் பலாவுமாகக் கிடக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் பலாப்பழம் வந்து நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு அந்த வாசனை ஆகாது என்று நினைத்திருந்தேன். உறவில் எங்கே குழந்தை பிறந்தாலும் அம்மா பார்க்கப் போகமாட்டார். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அண்ணன் ஒருவன் இருந்தான் என்பதையே அன்றுதான் அறிந்தேன்.

மங்கை டாக்டர் முதன்முறையாக உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "அந்தப் புள்ளைய இப்ப சோதிச்சுப் பாக்க முடியாது. அதனால நூறு சதம்னு சொல்லமாட்டேன். ஆனா இந்தக் கத்தரி இல்லாமப் பொறக்குற கொழந்தைங்க பலது இப்படித்தான் வரும். மொத ரெண்டு நாள்லயே மஞ்ச, கொறஞ்ச பிளேட்லெட், செவப்புப் புள்ளி. இவளுக்கு வந்த அதே வியாதிதான் அவனுக்கும்னு நான் நெனைக்கிறேன். அது இல்லாம வேற எதுவா இருந்தாலும், பலாச்சுளைக்கு அதுல வேலையே இல்ல. நீங்க ஒரு பழத்தையே தின்னிருந்தாலும் ஒங்களுக்கு வயித்த வலிச்சிருக்கும், அவ்வளவுதான்."

அப்பாதான் பேசினார். "அப்ப பாதி என்னுதா டாக்டரம்மா?"

"சரிபாதி. ரெண்டு பேரும் தெரிஞ்சு குடுக்கல."

அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நான் பயந்துவிட்டேன். திரும்பி வந்தபோது வண்டியின் முன்னால், கால் வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு, முழுப் பலாப்பழம் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஜெயங்கொண்டம் சாலையில் வாங்கியதாம். அதைக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தானே அறுக்க ஆரம்பித்தார். அதுவரை அவர் எங்கள் வீட்டில் ஒரு வெங்காயம் அரிந்ததில்லை. "எனக்கு வேணாம்" என்றார் அம்மா. "தின்னு புள்ள" என்றார் அப்பா. மங்கை டாக்டர் அதற்குள் நான்காவது சுளையில் இருந்தார். "சக்கரை இருக்குது எனக்கு, யாரும் ஸ்டெல்லாகிட்ட சொல்லிராதீங்க" என்றார். அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு சுளையை எடுத்தார். எடுத்து வாயில் வைத்தவர், விழுங்க முடியாமல் அழுதார். பிறகு விழுங்கினார்.

அதன் பிறகு மாதத்தில் இருமுறை பிளாஸ்மா ஏற்றிக்கொள்ளும் நாட்களெல்லாம் எனக்குக் கொண்டாட்டம்தான். ஊசி கையில் இருக்கும்போது நான் ஏதாவது நாவல் படித்துக்கொண்டிருப்பேன். மங்கை டாக்டருக்குப் படிக்கப் பொறுமை கிடையாது. கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். கதாநாயகி காய்ச்சலில் இறந்துபோனாள் என்றால் அவருக்குத் தாங்காது. "என்ன காய்ச்சல்? எத்தனை நாளா? சும்மா காய்ச்சல்னு எழுதிட்டா ஆச்சா?" என்று அந்த எழுத்தாளரைத் திட்டித் தீர்ப்பார். ஒருமுறை, நான் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தாராளமா. ஒறவுல மட்டும் வேணாம். வயித்துல கொழந்தைன்னு தெரிஞ்சா மொதல்ல என்கிட்ட சொல்லு, புருஷனுக்கு ரெண்டாவதா சொல்லிக்கலாம். அந்த சமயத்துல பிளாஸ்மா இன்னும் அதிகமா வேணும்" என்றார். இல்லாத கத்தரியையே செய்து ஊசியாகப் போடும் மருந்து வெளிநாட்டில் வந்துவிட்டது என்று தெரிந்த அன்று, வார்டின் நடுவில் நின்று கைதட்டினார். எதற்கு என்று தெரியாமல் மற்ற நோயாளிகளும் தட்டினார்கள்.

அவருடைய உடலைப் பூலாம்பாடியில் அவருடைய பிறந்த வீட்டில் வைத்திருந்தார்கள். நானும் அம்மாவும் போனோம். கூட்டத்தில் நுழைந்ததுமே அந்த முணுமுணுப்பு காதில் விழுந்தது. டாக்டருக்கு ஒரே மகள், கயல். அன்று காலை அவள் தோழியின் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள். "மக மட்டும் வூட்டுல இருந்திருந்தா..." என்று ஒருவர் ஆரம்பித்தார். "போறேன்னு அடம்புடிச்சாளாம். தாய்க்காரிக்கு அந்த வேதனையிலதான் ரத்தம் கொதிச்சிருக்கும்" என்று இன்னொருவர் முடித்தார். கயல் தன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். தலையை நிமிர்த்தவில்லை.

என் அம்மா இழவு வீடுகளில் பேசமாட்டார். பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "ஏங்க, அந்தப் புள்ள வூட்டுல இருந்திருந்தா, மூளைக்குள்ள வெடிச்ச கொழாயக் கையால பொத்தியிருக்குமா?" என்று கேட்டார். "எதனால செத்தாங்கன்னு டாக்டருங்க சொல்லியாச்சு. யாரால செத்தாங்கன்னு நீங்க எதுக்குத் தேடுறீங்க? இந்தம்மா ஆயுசு பூரா அதத் தேடாம இருந்தவங்க. அவங்க தலமாட்டுல ஒக்காந்து தேடாதீங்க." பிறகு கயலின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். கயல் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு, உடலை எடுக்கும்வரை என் அம்மா அங்கேயே இருந்தார்.

என் நரம்பில் ஏறுவது யார் யாரோ கொடுத்த ரத்தத்தின் தெளிவு. அதற்கு நான் ஊருக்கே கடன்பட்டவள். மங்கை டாக்டரிடமிருந்து மட்டும் எனக்கென்று வந்தது எது என்று கேட்டால், கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்த என் அம்மாவைத்தான் சொல்வேன். எனக்கு அப்படி ஓர் அம்மா அதற்கு முன் இருந்ததில்லை.